தேர்டு குரூப்

கிழக்கு தாம்பரம்,
6-8-1978

மதிப்பிற்குரிய சுந்தரராமன் சாருக்கு,

வணக்கம். உங்கள் கடலூர் முகவரியைக் குரோம்பேட்டையில் இருக்கும் உங்கள் தங்கையிடம் கேட்டு வாங்கினேன். கொடுப்பதற்கு அவர் கொஞ்சம் தயங்கினார். உங்களுக்கு என்மேல் கோபம் என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அதை முதலில் பேசிவிடுகிறேன். எங்கள் பள்ளி மேல்நிலைப் பள்ளியாகி, பொருளாதார ஆசிரியர் பதவி வந்தபோது நீங்களும் விண்ணப்பித்தீர்கள், நானும் விண்ணப்பித்தேன். பி.யூ.சி. நின்றுபோவதால் கல்லூரியில் உங்கள் வேலை போய்விட்டது என்பது எனக்குத் தெரியும். இரண்டு வருடம் மாலை நேரங்களில் உங்கள் வீட்டுக்கு வந்து பாடம் கேட்டுத்தான் நான் தபால் வழியில் பொருளாதார எம்.ஏ. முடித்தேன். அதையும் மறக்கவில்லை. ஆனால் அந்த வேலைக்காக நான் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை. எனக்கு பி.எட். இருந்தது, உங்களுக்கு இல்லை. நிர்வாகம் அதைத்தான் பார்த்தது. நீங்கள் சொல்லிக்கொள்ளாமல் ஊரை விட்டுப் போனது எனக்கு வருத்தம்.

இப்போது விஷயம். பிளஸ் ஒன் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. சயன்ஸ் குரூப் கேட்டுக் கிடைக்காத பதினோரு பேரை என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் பக்கத்து அறை எங்களுக்கு. 'தேர்டு குரூப்' என்று எங்கள் பிரிவைச் சொல்லும்போதே பியூன் முதற்கொண்டு எல்லோருக்கும் குரல் இறங்கிவிடுகிறது. பாடப் புத்தகம் இன்னும் கைக்கு வரவில்லை. பத்து வருடத்துக்கு மேல் சரித்திரம் நடத்தியவள் நான். இந்த அறைக்குள் போனால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. முதல் நாளே துரை என்கிற பையன் எழுந்து, "டீச்சர், இத்த படிச்சா இன்னா ஆவலாம்?" என்று கேட்டான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

பொருளாதாரத்தை முதன்முதலாகத் தொடும் பிள்ளைகளுக்கு என்ன சொல்ல வேண்டும், அவர்கள் எப்படிப் படிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். எனக்காக இல்லாவிட்டாலும் அவர்களுக்காக.

யூனிஸ் சத்தியநாதன்


கடலூர்,
19-8-1978

யூனிஸ் டீச்சருக்கு,

நமஸ்காரம். பதவி உயர்வுக்கு என் பாராட்டுகள். இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

எம்.ஏ.யில் முதல் வகுப்பு. கல்லூரியில் ஒன்பது வருட அனுபவம். பி.எட். என்று ஒரு காகிதம் இல்லாததால் வெளியே நிற்கிறேன். இங்கே ஒரு டுடோரியலில், ஃபெயிலானவர்களுக்குக் காலையும் மாலையும் பாடம் நடத்துகிறேன். நீங்கள் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் விண்ணப்பித்த விஷயத்தை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வாரம்கூட எங்கள் வீட்டில் காபி சாப்பிட்டுவிட்டுத்தான் போனீர்கள்.

உங்களைத் தேர்ந்தெடுத்த நிர்வாகத்திடமே சந்தேகத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பாடத்தைப் பற்றி யார் கேட்டாலும் சும்மா இருக்க எனக்கு வராது. தாள் இணைத்திருக்கிறேன். அப்படியே படித்துக் காட்டுங்கள். சாராம்சம் இதுதான். வரையறைகளை வார்த்தை பிசகாமல் மனப்பாடம் செய்ய வேண்டும். கலைச்சொற்களை ஆங்கிலத்திலேயே கற்க வேண்டும், இல்லாவிட்டால் கல்லூரிக்குப் போய்த் திண்டாடுவார்கள். பத்திரிகையில் வர்த்தகப் பக்கத்தைத் தினமும் வாசிக்க வேண்டும். கணக்கும் பின்னமும் வராதவர்கள் இப்போதே வேறு வழி பார்த்துக்கொள்வது அவர்களுக்கே நல்லது.

பதில் எதிர்பார்க்கவில்லை.

இப்படிக்கு,
சுந்தரராமன்


கிழக்கு தாம்பரம்,
17-9-1978

சுந்தரராமன் சாருக்கு,

நீங்கள் எதிர்பார்க்காவிட்டாலும் எழுத வேண்டியிருக்கிறது.

உங்கள் தாளை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். வகுப்பு சத்தமில்லாமல் கேட்டது. நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் சரசு வரவில்லை. வகுப்பில் இருக்கும் இரண்டு பெண்களில் ஒருத்தி, அஸ்தினாபுரத்திலிருந்து நடந்தே வருகிறவள். அதற்கும் மறுநாள் அவள் அம்மா வந்து தலைமை ஆசிரியரிடம் டி.சி. கேட்டிருக்கிறார். என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஆபீசில் வேறு வேலையாக நின்றபோது காதில் விழுந்தது.

பள்ளி விட்டதும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா பாயை விரித்துப் போட்டு என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "நான் இன்னா சொன்னாலும் அது கேக்காது. நீங்களே கேளுங்க" என்று வெளியே போய்விட்டார். சரசு தலை நிமிரவில்லை.

"நீங்கதான டீச்சர் படிச்சீங்க, கணக்கு வராதவங்க இப்பவே வேற வழி பாத்துக்கணும்னு. எனக்குக் கணக்கு வராது. அதான் பாத்துக்கினேன்" என்றாள்.

சார், எனக்கு அந்த இடத்திலேயே உங்கள்மேல் கோபம் வந்தது. திரும்பி நடந்து வரும்போது என்மேலும் வந்தது. எழுதியது உங்கள் கை, படித்தது என் வாய். நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அவளை அனுப்பியிருக்கிறோம்.

விடாமல் அவள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கடைசியில் வருகிறேன் என்றாள், ஒரு நிபந்தனையோடு. பதில் தெரியாவிட்டால் எழுந்து நிற்கச் சொல்லக் கூடாது. ஒப்புக்கொண்டேன். இனி என் வகுப்பில் தெரியாத காரணத்துக்காக யாரும் நிற்கப்போவதில்லை.

இப்போது நேரான கேள்வி. அடுத்து வருவது தேவை விதி. வரைபடம் போட்டாக வேண்டும். கட்டம் போட்ட தாளைப் பார்த்தாலே சரசுவின் முகம் வெளுக்கிறது. பின்னம் வராத பிள்ளைக்கு அந்தக் கோட்டை எப்படிப் புரியவைப்பது? இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா, இல்லையா?

யூனிஸ்


கடலூர்,
24-9-1978

யூனிஸ் டீச்சருக்கு,

நமஸ்காரம். உங்கள் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். என் மனைவி லலிதா துவைக்கப் போடும்போது எடுத்துப் படித்துவிட்டாள். பேனாவையும் தாளையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டாள்.

அந்தத் தாள் நான் பி.யூ.சி. வகுப்பில் வருடா வருடம் சொன்னதுதான். இதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கோட்டை முதலில் வரையாதீர்கள். தக்காளி இன்றைக்கு இந்த விலை என்றால் உங்கள் வீட்டில் வாரத்துக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். விலை ஏறினால்? பாதியாக இறங்கினால்? அவர்கள் சொல்லச் சொல்லப் பலகையில் புள்ளி வைத்துக்கொண்டே போங்கள். புள்ளிகள் நிறைந்த பிறகு சாக்பீஸை ஒரு பிள்ளையின் கையில் கொடுத்து, நடுவே போகிற மாதிரி ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். விதியின் பெயரைக் கடைசியில் சொன்னால் போதும். பின்னமே வேண்டியதில்லை. இது கல்லூரியில் நான் செய்ததல்ல. இங்கே மறுபடி மறுபடி ஃபெயிலாகி வந்த ஒருவனுக்கு வேறு வழியில்லாமல் செய்து பார்த்தேன்.

எப்படிப் போயிற்று என்று எழுதவும்.

சுந்தரராமன்


கிழக்கு தாம்பரம்,
28-1-1979

அன்புள்ள சாருக்கு,

அரையாண்டுத் தேர்வு, அதன் பிறகு மகனுக்கு அம்மை, எழுத முடியாமல் போயிற்று. இப்போது எல்லோரும் சுகம்.

தக்காளியைச் சொல்ல வேண்டும். துரை வீட்டில் விலை ஏறினால் கொஞ்சம் புளியைக் கூடப் போட்டுச் சமாளித்துவிடுவார்களாம். அவன் சொல்லி முடிப்பதற்குள் பதிலீட்டுப் பண்டம் என்று அடுத்த பாடமே வந்து நின்றது. சின்னப்பன், "எங்க வூட்ல வாங்கறதே இல்ல டீச்சர், கொல்லையில கீது" என்றான். அவன் புள்ளியை எங்கே வைப்பது என்று பெரிய சண்டை. மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. சாக்பீஸைச் சரசுவிடம் கொடுத்தேன். கோட்டை இழுத்தாள். தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இவ்ளோதானா டீச்சர்?" என்றாள். அதற்குப் பிறகு அவள் வராத நாள் இல்லை.

துரை கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டேன். என்ன ஆவாய் என்று எனக்குத் தெரியாது, ஆனால் உன் வீட்டில் நடப்பது எதனால் நடக்கிறது என்று உனக்குத் தெரியும் என்றேன். சரி என்று தலையாட்டினான். திருப்தியா என்று தெரியவில்லை.

வேறொரு சங்கடம் வந்திருக்கிறது. எங்கள் தலைமை ஆசிரியர் தட்சிணாமூர்த்தி என்னைக் கூப்பிட்டு, ஆண்டுத் தேர்வில் நாற்பதுக்குக் கீழே வாங்குகிறவர்களைப் பிளஸ் ஒன்னிலேயே நிறுத்திவிடுவோம் என்றார். 1980இல் எழுதப்போவதுதான் முதல் பொதுத்தேர்வு. முதல் ரிசல்ட் கெட்டால் இந்த குரூப்பையே மூடச் சொல்லி நிர்வாகம் கேட்கும் என்கிறார். அவர் கெட்டவர் இல்லை, பயப்படுகிறார். அரையாண்டு மார்க்கை வைத்து அவர் போட்ட கணக்குப்படி நான்கு பேர் நிற்க வேண்டும். சரசுவும் சின்னப்பனும் அதில் இருக்கிறார்கள்.

உங்கள் அபிப்பிராயம் என்ன?

யூனிஸ்


கடலூர்,
6-2-1979

யூனிஸ் டீச்சருக்கு,

நமஸ்காரம். மகனுக்கு உடம்பு தேறியது பற்றிச் சந்தோஷம்.

கேட்டதால் உள்ளதைச் சொல்கிறேன். உங்கள் தலைமை ஆசிரியர் சொல்வது நியாயம். நான்கு பேரை ஒரு வருடம் நிறுத்தினால் அவர்களுக்கு நஷ்டம் ஒரு வருடம்தான். குரூப்பை மூடினால் வரப்போகிற எல்லோருக்கும் நஷ்டம். அவருடைய நாற்காலியில் இருந்தால் நானும் அதையே செய்வேன். மனசு இளகி முடிவெடுக்காதீர்கள்.

இந்த டுடோரியலை மே மாதத்தோடு மூடுகிறார்கள். விழுப்புரம், திண்டிவனம் என்று எழுதிப் போட்ட இடமெல்லாம் பி.எட். கேட்கிறார்கள். முப்பத்தெட்டு வயதில் பையன்களோடு பெஞ்சில் போய் உட்காருவதா என்று லலிதாவிடம் கேட்டேன். பெஞ்சு தாங்கும் என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுந்தரராமன்


கிழக்கு தாம்பரம்,
22-4-1979

அன்புள்ள சாருக்கு,

உங்கள் யோசனையை நான் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஒரு வருடம்தான் நஷ்டம் என்று எழுதியிருந்தீர்கள். சரசுவை நிறுத்தினால் அவள் மறு வருடம் பள்ளிக்கு வரமாட்டாள், வேலைக்குப் போய்விடுவாள். சின்னப்பனும் அப்படித்தான். இது தலைமை ஆசிரியருக்கும் தெரியும். அவரிடம் போய், பதினோரு பேரும் பொதுத்தேர்வு எழுதட்டும், இரண்டு பிள்ளைகளுக்கு மேல் தவறினால் நான் இந்தப் பதவியை விட்டுப் பழையபடி சரித்திரத்துக்குப் போய்விடுகிறேன் என்றேன். வாயால் சொன்னால் போதாது என்று எழுதியும் கொடுத்துவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "யோசித்துத்தான் எழுதினீர்களா அம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வீட்டில் என் கணவர் சத்தியநாதனுக்குச் செய்தி பிறகுதான் தெரியும்.

ஆக, அடுத்த வருடம் அந்த இடம் காலியாகலாம். உங்களுக்கு பி.எட். இருந்தால் விண்ணப்பிக்கலாம். இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. ஜூலையில் பி.எட். படிக்கச் சேர்ந்துவிடுங்கள் சார். லலிதா அம்மா சொன்னதுதான் சரி.

யூனிஸ்


வேலூர்,
14-10-1979

யூனிஸ் டீச்சருக்கு,

நமஸ்காரம். முகவரி மாறியிருப்பதைப் பார்த்தாலே புரியும். சேர்ந்துவிட்டேன். லலிதா கடலூரில் தையல் வேலை எடுத்துச் செய்கிறாள். நான் விடுதியில் இருக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரன் என்னை 'அங்கிள்' என்கிறான்.

போன வாரம் ஒரு பள்ளியில் மாதிரி வகுப்பு எடுத்தேன். ஒன்பது வருடம் கல்லூரியில் பேசியவன், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் சொல் மறந்து நின்றேன். மேற்பார்வைக்கு வந்தவர் எழுதிய குறிப்பு: 'கேள்வி கேட்கிறார், பதிலுக்குக் காத்திருப்பதில்லை.'

நீங்கள் எழுதிக் கொடுத்தது முட்டாள்தனம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் கொடுத்தாகிவிட்டது. டிசம்பர் விடுமுறையில் தங்கை வீட்டுக்கு வருகிறேன். சம்மதமென்றால் தினம் காலையில் உங்கள் பிள்ளைகளுக்குத் திருப்புதல் நடத்துகிறேன். நாலு பேரை மட்டுமல்ல, எல்லோரையும் அனுப்புங்கள்.

சுந்தரராமன்


கிழக்கு தாம்பரம்,
13-1-1980

அன்புள்ள சாருக்கு,

நீங்கள் ரயில் ஏறிப் போனதிலிருந்து பிள்ளைகள் உங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நீங்கள் கேள்வி கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றதைத் துரை அப்படியே நடித்துக் காட்டுகிறான். காத்திருப்பதற்காக அப்படி நின்றீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

சரசு உங்களிடம் ஒன்று கேட்டாளே, தமிழில் படித்தால் காலேஜில் சேர்ப்பார்களா என்று. நீங்கள், "சேர்ப்பார்கள். முதல் வருடம் கஷ்டமாக இருக்கும். இருந்துவிடு" என்றீர்கள். அன்று மாலை அவள் என் வீட்டுக்கு வந்து ஆங்கிலம் சொல்லித்தரக் கேட்டாள். தாமதம்தான். ஆனாலும் தொடங்கியிருக்கிறோம்.

உங்கள் தேர்வுக்கும் படியுங்கள்.

யூனிஸ்


கிழக்கு தாம்பரம்,
8-6-1980

அன்புள்ள சாருக்கு,

முடிவு வந்துவிட்டது. எட்டுப் பேர் பாஸ். மூன்று பேர் இல்லை.

சின்னப்பன் பொருளாதாரத்தில் போய்விட்டான். மற்ற இருவரும் ஆங்கிலத்தில். அதில் ஒருத்தி சரசு. பொருளாதாரத்தில் அவள்தான் வகுப்பிலேயே அதிக மார்க். பலகையில் எண்ணைத் தேடிவிட்டு அவள் கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

தலைமை ஆசிரியர் கூப்பிடுவதற்கு முன்னால் நானே போனேன். அவர் பெரிய மனது பண்ணி, "ஆங்கிலத்துக்கு நீங்கள் பொறுப்பில்லையே அம்மா" என்றார். நான் எழுதிக் கொடுத்ததில் பாடத்தின் பெயர் இல்லை, பிள்ளைகள் என்றுதான் இருந்தது என்று சொன்னேன். அவர் நான் எழுதிக் கொடுத்ததைத் திருப்பித் தர வந்தார். வாங்கிக்கொள்ளவில்லை. இந்த மாதத்திலிருந்து ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் சரித்திரம். சம்பளம் குறையும். அழுதேன், பிறகு சரியாகிவிட்டது.

தேர்டு குரூப்பை மூடவில்லை. இந்த வருடம் முப்பது பேருக்கு மேல் விண்ணப்பம் வாங்கியிருக்கிறார்கள். பாதிப் பேர் இதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினவர்கள். இடம் காலி. விண்ணப்பியுங்கள்.

யூனிஸ்


கடலூர்,
14-6-1980

யூனிஸ் டீச்சருக்கு,

நமஸ்காரம். பி.எட். தேறிவிட்டேன். அதைச் சந்தோஷமாக எழுத முடியாமல் செய்துவிட்டீர்கள்.

வரமாட்டேன். இதே நாற்காலிக்காக நான் உங்கள்மேல் மனஸ்தாபப்பட்டு ஊரை விட்டு வந்தவன். இப்போது நீங்கள் எழுந்த சூட்டோடு நான் போய் உட்கார்ந்தால், அந்தப் பிள்ளைகள் என்னை என்னவென்று நினைப்பார்கள்? நான் என்னை என்னவென்று நினைப்பேன்? நீங்கள் எழுதிக் கொடுத்ததைத் தட்சிணாமூர்த்தி அவர்கள் திருப்பித் தர வந்தபோது வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். இன்னமும் காலம் போய்விடவில்லை. போய்க் கேளுங்கள். எனக்குச் செங்கல்பட்டுப் பக்கம் எங்காவது கிடைக்கும்.

லலிதா இந்தக் கடிதத்தைத் தபாலில் போட மறுக்கிறாள். நானே போய்ப் போடுகிறேன்.

சுந்தரராமன்


கிழக்கு தாம்பரம்,
18-6-1980

அன்புள்ள சாருக்கு,

நீங்கள் வராவிட்டால் நான் அந்த இடத்துக்குத் திரும்பிவிடுவேன் என்று நினைத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கி அந்த அறைக்குள் போனால், நான் சொல்வதை எந்தப் பிள்ளை நம்பும்? நீங்களும் வரவில்லையென்றால், புத்தகத்தைப் பார்த்து வாசித்துவிட்டுப் போகிற யாரையாவது போடுவார்கள். முப்பது பேருக்கு அது நடக்க விடமாட்டேன். இது உங்களுக்கு நான் செய்கிற உபகாரம் இல்லை. உங்களிடம் கேட்கிற வேலை. விண்ணப்பம் இந்தச் சனிக்கிழமைக்குள் ஆபீசுக்கு வந்துசேர வேண்டும்.

முதல் நாள் அவர்களிடம் என்ன சொல்வது என்று யோசிப்பீர்கள். நான் இரண்டு வருடத்தில் பார்த்ததைச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் யாரையும் வரையறை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு சொல்லையும் அவர்கள் வீட்டில் நடக்கிற ஒன்றோடு சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அப்புறம் வரையறை தானாக நிற்கும். தமிழ்ச்சொல்லை முதலில் கொடுங்கள், ஆங்கிலச்சொல்லைப் பக்கத்திலேயே கொடுங்கள், ஒன்றை விட்டு மற்றது வேண்டாம். நான் ஆங்கிலத்தைத் தாமதமாகக் கொடுத்தேன், அதன் பலனைப் பார்த்துவிட்டேன். வரைபடத்தைப் பென்சிலால் போடச் சொல்லுங்கள். தப்பாகப் போட்டால் அழிக்கலாம் என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடுகிறது. அச்சுகளுக்குப் பெயர் எழுத மறப்பார்கள், திட்டாமல் தினமும் கேளுங்கள். பேப்பர் வாங்காத வீடுகள் உண்டு. பள்ளிக்கு வரும் பேப்பரை மத்தியானம் வகுப்புக்குக் கொண்டுபோங்கள். பரீட்சையில் தெரிந்ததை எல்லாம் கொட்டாமல் கேட்டதற்குப் பதில் எழுதப் பழக்குங்கள். சின்னப்பன் அங்கேதான் சறுக்கினான். வேறு குரூப் கிடைக்காததால் வந்தவர்களும் இருப்பார்கள். வந்த காரணத்தைக் கேட்காதீர்கள், வந்த பிறகு என்ன செய்யலாம் என்று பேசுங்கள்.

மூன்று பேரையும் நான் விடப்போவதில்லை. செப்டம்பரில் மறுபடி எழுதுகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வருகிறேன், சரசு என் வீட்டு வாசலில் நிற்கிறாள். கண் வீங்கியிருந்தது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"எப்போலேர்ந்து வரணும் டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமையிலிருந்து என்றேன். மற்ற இரண்டு பேரையும் கூட்டிவரும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். சின்னப்பனுக்குப் பொருளாதாரம் நானே நடத்துகிறேன். ஆங்கிலத்துக்கு எங்கள் பள்ளியின் தபீதாள் டீச்சரைச் சம்மதிக்க வைத்துவிட்டேன்.

சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்து அறை சனிக்கிழமைகளில் எங்களுக்கு வேண்டும். மற்ற நாட்களில் உங்களுக்கு. வீட்டுச் சாமான்களை லலிதா அம்மா பிறகு நிதானமாகக் கொண்டுவரட்டும். நீங்கள் முதலில் புறப்பட்டு வாருங்கள்.

யூனிஸ்